மும்தாஜ் அக்கா கல்லாவைத் திறக்காத நாள்

கிருத்திகைக்கு மாவிளக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தேன். இட்லிக் கடை தேவகி போன் செய்தாள். "யக்கா, மும்தாஜக்கா பூட்டாங்க. கடைய தொறக்கும்போதே நெஞ்ச புடிச்சிகினு உக்காந்தவங்க எந்திரிக்கவே இல்லியாம்." சல்லடையை வைத்துவிட்டு முருகன் மலையைப் பார்த்துக் கும்பிட்டேன். அவருக்காக வேறெப்படி வேண்டுவது என்று எனக்குத் தெரியாது.

நம் மகளிர் குழுவில் அவரை அறியாதவர் இல்லை. கடைத்தெருவில் கட்பீஸ் கடை. துணியை அளந்தால் ஒரு விரல்கடை குறையாது, கூடவும் செய்யாது. நான் சொல்ல வந்தது வேறொரு நாளைப் பற்றி.

நகராட்சித் தேர்தலில் தேவகி சுயேச்சையாக நின்றாள். டெபாசிட் பணத்தை நாமே போட்டுத் தருவதென்று முடிவு செய்தோம். அன்றே மும்தாஜ் அக்கா சொன்னார்: "அவ பேர்ல தேர்தலுக்குன்னே பேங்க்ல கணக்கு கீது. அவங்கவங்க போயி கட்டுங்க. நடுவுல இன்னொரு கை வேணாம்."

நான் கேட்கவில்லை. வீடு வீடாக வசூலித்து, நல்ல காரியத்துக்கான பணம் என்பதால் மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்தடியில் வைத்தேன். தேவகியின் அக்காள் கணவர் முனிரத்தினம், எங்கள் எல்லோருக்கும் 'பாவா', அந்தப் பக்கம் வந்தார். மலைக்குப் போய்விட்டு தேவகி வீட்டுக்குப் போகிறேன் என்றார். முடிச்சைக் கொடுத்து, "தேவகி நல்லா வரணும்" என்றேன். வேறெதுவும் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள்தான் மனு கொடுக்கக் கடைசி நாள். மூன்று மணியோடு சரி. காலையில் தேவகி கேட்டாள், "பணம் வரலையேக்கா?" மும்தாஜ் அக்கா கடைக்கு ஓடினேன். அவர் முனிரத்தினத்தைக் கூப்பிட்டனுப்பினார்.

"இன்னா பாவா, முடிச்சு எங்க?"

"உண்டியல்ல போட்டுட்டேன். மஞ்சத்துணியில முடிஞ்சி குடுத்தா வேண்டுதல் பணம்தானே? வேற இன்னான்னு நெனப்பேன்?"

பக்கத்துப் பூக்கடையில் ஒருவர், "அப்போ முருகனே வார்டுக்கு நிக்கிறாருன்னு சொல்லு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மும்தாஜ் அக்கா சிரிக்கவில்லை. "திருடிட்டு சாமி மேல போடுறியா?" என்று தெருவே கேட்கக் கத்தினார். முனிரத்தினம் சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டினார். "வூட்டுக்கு வந்து தேடிக்கோங்க. பொண்டாட்டி புள்ள முன்னாடியே தேடிக்கோங்க."

மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. "கல்லாவுலேர்ந்து குடுங்கக்கா, நான் அடைச்சுடறேன்" என்று கெஞ்சினேன். பணம் இருந்தது. அவர் திறக்கவில்லை.

"நான் ஒருத்தியே கட்டுனா நாளைக்கு அவ என் ஆளும்பாங்க. குழுவுல பன்னெண்டு பேரும் வரட்டும்."

கடையைச் சாத்திவிட்டு ஒவ்வொரு வாசலாக நின்றார். "ஒரு வாட்டி குடுத்தாச்சே, மறுபடியும் ஏன்?" என்று சண்டை பிடித்தவர்கள் இதைப் படிக்கிறீர்கள். வராமல் போனவர்களும் இருக்கிறீர்கள். வங்கியில் வரிசை நகரவே இல்லை. அவரவர் பேரில், முடிந்ததை, தேவகி கணக்கில் கட்டினோம். மும்தாஜ் அக்கா கடைசியாக நின்று, எல்லோரும் கட்டிய பிறகு, தம் பங்கைக் கட்டினார். தேவகி பணத்தை எடுத்துக்கொண்டு நகராட்சி அலுவலகப் படியேறியபோது மூன்றடிக்க ஆறு நிமிடம் இருந்தது.

திரும்பும் வழியில் மும்தாஜ் அக்கா நேரே முனிரத்தினத்திடம் போனார். அதே தெரு, அதே பூக்கடை. "பாவா, திருடன்னு சொன்னது தப்பு. எனக்குத் தெரியாதத சொல்லிட்டேன்." முனிரத்தினம் திரும்பி நடந்தார்.

"அப்போ அவர் எடுக்கலையாக்கா?" என்று கேட்டேன்.

"எடுத்தாரா இல்லியா, யாருக்குத் தெரியும்? யாருக்கும் தெரியாத மாதிரி பணத்த வுட்டது நீயும் நானும்தானே? நான் அன்னிக்கே பேங்க்ல உங்கூட நின்னிருக்கணும்."

தேவகி அந்தத் தேர்தலில் தோற்றாள். கட்டியவர் ஒவ்வொருவர் பேரையும் தேர்தல் கணக்கில் காட்டிவிட்டுத்தான் தோற்றாள்.

நேற்று மும்தாஜ் அக்கா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு முனிரத்தினமும் நின்றிருந்தார். அந்த நாளுக்குப் பிறகு முதல் முறையாக நானே போய் அவரிடம் பேசினேன்.

அந்த நாட்களில் என் கணக்கு நோட்டில் மஞ்சள் முடிச்சுத் தொகைக்கு எதிரே 'திருட்டு' என்று எழுதியிருந்தேன். மும்தாஜ் அக்கா பார்த்துவிட்டு, என் பேனாவையே வாங்கி அந்தச் சொல்லை அடித்தார். "தெரிஞ்சத மட்டும் எழுது" என்றார். அதற்கு மேலே 'போய்ச் சேரவில்லை' என்று எழுதினேன். அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது, அந்த அடித்தலும் அதற்கு மேலே உள்ள இரண்டு சொற்களும்தான்.