நாகஜோதி அத்தையின் தட்டை லென்ஸ்

கருத்தக்கண்ணன் மாமா வீட்டை விட்டுப் போனது ஓர் ஆவணி முகூர்த்தத்தன்று காலையில். உசிலம்பட்டியில் அன்று எந்தத் தெருவில் நின்றாலும் மைக்செட் சத்தம். போட்டோகிராபர் இரண்டு பைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் யார் வீட்டு விசேஷம் என்றுதான் கேட்பார்கள். எப்போது திரும்புவாய் என்று யாரும் கேட்பதில்லை. "வாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். மறுநாள் கல்யாண வீட்டுக்காரர்கள் வந்து, "என்னம்மா, உன் வீட்டுக்காரரு வரவே இல்ல, இப்படிக் கழுத்தறுத்துட்டாரே" என்று சத்தம் போட்ட பிறகுதான் அத்தைக்கு விஷயம் தெரிந்தது. திருப்பூர்ப் பக்கம் வேறொரு பெண்ணோடு குடும்பம் நடத்துகிறார் என்பது தெரிய இன்னும் கொஞ்ச நாள் ஆனது. மகள் தாமரைச்செல்வி அப்போது ஏழாவது படித்தாள்.

நாகஜோதி அத்தை என் அப்பாவின் தங்கை. நீள லென்ஸ்களை எல்லாம் மாமா எடுத்துப் போயிருந்தார். பீரோவில் மிஞ்சியது ஒரு பழைய கேமராவும், மூடியைப் போல அதில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு தட்டை லென்ஸும். பேன்கேக் லென்ஸ் என்பார்கள். விசேஷ வீடுகளில் லென்ஸின் நீளத்தைப் பார்த்துத்தான் போட்டோகிராபருக்கு மரியாதை என்பதால் மாமா அதைத் தொட்டதே இல்லை.

மாமாவுக்கு லைட் பிடிக்கப் போன பழக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு அத்தை தொழிலில் இறங்கினாள். முதல் காதுகுத்தில், வீடியோ எடுக்க வந்த விருமாண்டி கேமராவை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டான்:

"என்னக்கா, ஊத்தப்பத்த ஒட்டிட்டு வந்திருக்க? சட்னி எங்க?"

"நீ போயி எலையில உக்காரு, ஊத்துறேன்."

அந்த லென்ஸ் தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டாது. முகம் பெரிதாக வேண்டுமென்றால் நாம்தான் கிட்டே போக வேண்டும். எல்லாரும் அடங்க வேண்டுமென்றால் நாம்தான் பின்னால் நடக்க வேண்டும். பங்காளிகள் மொத்தமாக மேடையேறிவிட்டால் அத்தை கீழே இறங்கி, நாற்காலிகளுக்கு நடுவே நின்று, "கொஞ்சம் குனிங்கண்ணே" என்று கத்துவாள். ஒருமுறை பின்னாலேயே நடந்துபோய் சாம்பார் வாளியில் மோதினாள். வெளிச்சம் குறைந்த மண்டபங்களில் ஃபோகஸ் பிடிக்க அது கர்ர் கர்ரென்று தடுமாறும். அதற்குள் தாலி ஏறிவிடும். அப்படித் தவறவிட்டு, மாப்பிள்ளை வீட்டாரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு வந்து சாப்பிடாமல் படுத்த நாட்கள் உண்டு.

ஆனால் காது குத்த உட்கார்ந்த பிள்ளைகள் அந்தச் சின்னக் கண்ணாடிக்கு மிரளவில்லை. பெரிய கேமராவைக் கண்டால் முந்தானையால் வாயை மூடுகிற பெண்கள், கையெட்டும் தூரத்தில் நின்று வாயாடிக்கொண்டே படம் எடுத்த அத்தையிடம் பல் தெரியச் சிரித்தார்கள். பெண்கள் பக்கத்துப் படம் என்றால் நாகஜோதியைக் கூப்பிடு என்று ஆனது.

கேமராவும் கையுமாக ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிய என்னிடமும் அப்படியொரு லென்ஸ்தான் இருந்தது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நினைத்த நேரத்தில் கிளம்பிவிடலாம் என்று அத்தையிடம் ஒருமுறை போனில் பெருமையாகச் சொன்னேன்.

"இங்க கிளம்புனவுக கனமானதத்தான் தூக்கிட்டுப் போனாக" என்றாள்.

நான் திரும்பி வந்தது தாமரையின் கல்யாணத்துக்காக. அவளுக்கு ஒரே ஆசை: அப்பா வர வேண்டும், வராவிட்டாலும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எப்படியோ நம்பரைப் பிடித்துப் பத்திரிகையை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தாள். பார்த்துவிட்டார் என்று காட்டியது. பதில் இல்லை.

கல்யாணத்தன்று பெண்ணைப் பிடித்துக் கொடுக்க என் அப்பாவும் அம்மாவும் நின்றார்கள். அன்றைக்காவது படம் எடுக்க வேறு ஆளை வைக்கலாம் என்று நாங்கள் சொன்னதை அத்தை கேட்கவில்லை. "கையில கேமரா இருந்தா வீட்டுக்காரரு எங்கன்னு எவனும் கேக்க மாட்டான்" என்றாள்.

தாலி கட்டி முடிந்து, குடும்பப் படம் எடுக்கும்போது தாமரை அத்தையை முறைத்து, என்னைக் கைகாட்டினாள்.

"அம்மா, கேமராவ மதினிகிட்டக் குடுத்துட்டு நீ வந்து நில்லு."

"நான் நின்னா பக்கத்துல எடம் காலியாத் தெரியும்டி."

தாமரை மண்டப வாசலைப் பார்த்தாள். காலையிலிருந்தே பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அத்தை அவள் முகத்துக்கு நேரே, மாலை இடிக்கும் அளவுக்குக் கிட்டே போனாள்.

"அங்க என்ன பார்வை? என்னையப் பாரு. அழுகாம என்னைய மட்டும் பாரு."

அவள் பார்த்தாள். அத்தை எடுத்தாள். தாயும் தகப்பனும் இல்லாத அந்த ஆல்பத்தில் ஆகச் சிறந்த படம் அதுதான்.

அந்தப் படத்தையும் தாமரை அப்பாவுக்கு அனுப்பினாள். அதையும் பார்த்துவிட்டார் என்று காட்டியது. தலை தீபாவளிக்கு ஏதாவது சொல்வார் என்றாள். வளைகாப்புக்குச் சொல்வார் என்றாள். பிள்ளை பிறந்த பிறகு அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள்.

பிள்ளை நடக்க ஆரம்பித்திருந்தான். ஒரு மத்தியானம் அத்தை வீட்டில் மூன்று பேரும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். தாமரையின் போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தவள் அதை என்னிடம் நீட்டினாள்.

"என்னடி, யாரு? வாசி" என்றாள் அத்தை.

அந்தக் கல்யாணப் படத்துக்குக் கீழே மாமாவிடமிருந்து வந்திருந்ததை வாசித்தேன்.

"படம் நல்லா வந்திருக்கு. இம்புட்டுக் கிட்டக்கப் போயி யாரு எடுத்தது?"