தாமதமாகத் திரும்பிய பஸ்

கேம் கன்சோல் விற்கும் கடையில் பன்னிரண்டு வருடமாக அந்த விற்பனையாளருக்கு வாய்தான் மூலதனம். "இனிமே டிஸ்க் எதுக்கு சார்? மாசச் சந்தா கட்டுங்க, எல்லா கேமும் நெட்லயே ஓடும்" என்று சொல்லி, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவருக்கு பஸ் ஓட்டும் விளையாட்டைத் தலையில் கட்டினார். டிரைவர் குடியிருக்கும் பக்கம் நெட் நொண்டியடிக்கும் என்று தெரிந்தும் மூச்சு விடவில்லை.

ஒரு மாதம் கழித்து டிரைவர் கடைக்கு வந்தார்.

"தம்பி, நான் ஸ்டியரிங்கைத் திருப்பினா ஒரு நொடி கழிச்சுதான் பஸ் திரும்புது. வயசாகி கை தடுமாறுதுன்னு டாக்டர்கிட்ட போனேன். ஒண்ணுமில்லைன்னாரு. ஆனா வீட்டுக்காரி நம்பாம ஸ்கூட்டர் சாவியைப் பிடுங்கி வெச்சுட்டா."

விற்பனையாளருக்கு முகம் செத்துப்போனது. "உங்க கை நல்லாத்தான் இருக்கு சார். கேம் எங்கேயோ இருக்கற கம்ப்யூட்டர்ல ஓடி, நெட் வழியா வருது. உங்க ஏரியாவுல அது மெதுவாத்தான் வரும். விக்கும்போதே எனக்குத் தெரியும்."

டிரைவர் திட்டவில்லை. மனைவியை போனில் அழைத்து, "இதை அவகிட்ட சொல்லுப்பா" என்று நீட்டினார்.

விற்பனையாளர் எல்லாவற்றையும் மறுபடி சொன்னார்.

"நீங்க யாரு, டாக்டரா?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"இல்லம்மா, வித்தவன்."

டிரைவர் வாய்விட்டுச் சிரித்தார். விற்பனையாளரோ குனிந்த தலையை நிமிர்த்தாமல் போனைத் திருப்பிக் கொடுத்தார்.