கூரைக்குக் கீழே எடுத்த படங்கள்

சென்ற வாரம் என் அறைத்தோழி, களப்பயணத்துக்குக் கொண்டுபோவதற்காக என்னுடைய பழைய கமராவைக் கேட்டாள். பெட்டியின் அடியிலிருந்து அதை எடுத்து, பற்றறி வைக்கும் மூடியைத் திறந்தேன். உள்ளே விட்டிருந்த இரண்டு பற்றறிகளும் கசிந்து, கம்பிச்சுருள்களின்மேல் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தன. புளித்த இரும்பின் வாடை. அவள் மூக்கைச் சுளித்துக்கொண்டு, "இது நல்ல கமராவோ?" என்று கேட்டாள். இலக்கியம் படிக்கும் என்னைப் போன்றவளின் காதில் எந்தக் கேள்வியும் பரீட்சைக் கேள்வியாகவே விழுகிறது. குறைநிறைகளை விளக்குக, பதினைந்து புள்ளிகள். விடையை அவளுக்கு நான் சொல்லவில்லை. அதிகம் பேசிப் பழக்கமில்லை எனக்கு. எழுதுவதென்றால் ஓரளவு முடியும். ஆகவே உங்களுக்கு எழுதுகிறேன்.

நிறைகளை முதலில் சொல்வது முறை. அது மலிவான, வெள்ளி நிறப் பிளாஸ்ரிக் கமரா, சவர்க்காரக் கட்டியளவு. படச்சுருள் வேண்டாம். எடுத்ததை அப்போதே பார்க்கலாம், பிடிக்காததை அழிக்கலாம். சோதனைச்சாவடியில் எதை எடுத்தாய் என்று கேட்டால், ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டுப் போகலாம். படச்சுருள் கமரா வைத்திருந்தவர்களுக்கு அந்த வசதி இருக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, நிழலில், ஒருவருக்குக் கிட்ட நின்று எடுத்தால், முகத்தை அது மிக நேர்த்தியாக எடுக்கும். குசினி வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்த அம்மாவை எடுத்த படத்தில், கன்னத்தில் ஒட்டியிருந்த செதிள்களைக்கூட எண்ணலாம். "என்னை இந்தக் கோலத்திலையே எடுத்தனீ? அழி, அழி!" என்றார். அழிக்கவில்லை.

குறைகள் அதைவிட அதிகம். கடையில் வாங்கும் பற்றறி பத்துப் படத்துக்குமேல் தாங்காது. பொத்தானை அமத்தினால் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் எடுக்கும். அதற்குள் எதிரே நின்ற ஆடு போய்விடும். வெயிலில் திரையில் ஒன்றும் தெரியாது. வானம் வெறும் தாளாக வெளுத்துவிடும். வில்லையின் பார்வை மிக ஒடுக்கம். ஒரு வீட்டை முழுமையாக எடுக்க வேண்டுமானால் எதிர் வளவுவரை பின்வாங்க வேண்டும். தூரத்தில் இருப்பதைப் பெருப்பித்தால் சதுரம் சதுரமாக உடைந்துபோகும்.

வீடொன்றை எடுப்பதற்காகத்தான் அது எங்களிடம் வந்தது.

கரம்பொனில் எங்கள் ஒழுங்கையின் முடிவில் இருந்த பெரிய வீடு முதலாளி மாமாவுடையது. தெற்கே ஒரு நகரத்தில் முப்பது வருடம் கடை வைத்திருந்து, அந்த உழைப்பில் கட்டிய வீடு. அப்பா கடற்றொழிலுக்கு இறங்குமுன் அந்தக் கடையில் இரண்டு வருடம் வேலை செய்தவர். நாங்கள் வேதக்காரர், அவர்கள் சைவம். ஆனாலும் குடும்பத்தோடு கனடாவுக்குப் போனபோது வீட்டைப் பூட்டி, திறப்பை அப்பாவிடம்தான் கொடுத்துவிட்டுப் போனார்கள். பிறகு சண்டையில் நாங்களும் இடம்பெயர்ந்தோம். திரும்பி வந்தபோது அந்த வீட்டில் ஓடு இல்லை, ஓட்டைத் தாங்கிய தீராந்தி இல்லை, கதவும் நிலையும் இல்லை. யார் கழற்றினார்கள் என்று எவரும் கேட்கவில்லை. திறப்பு மட்டும் எங்கள் அலுமாரியில் இருந்தது. வீடு போன கதையை அப்பா மாமாவுக்கு எழுதவே இல்லை. "வீடு கிடக்குது" என்று மட்டும் ஒவ்வொரு கடிதத்திலும் எழுதினார்.

சமாதான காலம் என்று சொல்லப்பட்ட அந்த இரண்டு மூன்று வருடங்களில், ஊர் பார்க்க வந்த ஒருவரிடம் மாமாவின் மனைவி மலர் மாமி இந்தக் கமராவைக் கொடுத்துவிட்டார். நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்தேன். தொலைபேசியில் மாமி சொன்னார்: "பிள்ளை, மாமாவுக்கு இருதய வருத்தம். வீடு வீடெண்டு ஒரே அரியண்டம். நாலு படம் எடுத்து அனுப்பிவிடு. கமராவை நீயே வைச்சிரு."

"உடைஞ்சதை எடுக்காதை பிள்ளை. மனுசன் வருத்தக்காரன்," என்றார் அப்பா.

"அப்ப பொய்யோ அனுப்பப் போறியள்?" அம்மா குசினிக்குள்ளிருந்து கேட்டார்.

"எடுக்காமல் விடுறது பொய்யே?"

"ஓம் ஓம். பாவசங்கீர்த்தனத்துக்குப் போகேக்கை சாமியாரிட்டையும் உப்பிடியே சொல்லுங்கோ."

நான் கமராவை எடுத்துக்கொண்டு ஒழுங்கையில் இறங்கினேன். கமராவின் குறைகளை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது அன்றுதான். ஒடுக்கமான வில்லை, கூரை இருக்கவேண்டிய இடத்துக்குக் கீழேயே படத்தை முடித்துக்கொள்ள இடம் தந்தது. விறாந்தைத் தூண்கள் இரண்டு; செம்பரத்தை; கிணற்றுக்கட்டு; பூ வேலைப்பாடு செய்த சீமெந்து நிலத்தின் உடையாத மூலை. கதவில்லாத வாசலை வெயிலுக்கு எதிராக நின்று எடுத்தேன். உள்ளே ஒரு வீடு இருப்பதுபோல இருட்டாக விழுந்தது. யாழ்ப்பாணத்தில் மின்னஞ்சல் அனுப்பும் கடையில் படங்களைச் சிறிதாக்கினார்கள். எஞ்சியிருந்த வெடிப்புகளும் மறைந்தன. ஏழு படங்கள். அவற்றில் ஒன்றுகூடப் பொய்யில்லை என்று பேருந்தில் திரும்பி வரும்போது எனக்கு நானே நிரூபித்துக்கொண்டு வந்தேன். நல்ல புள்ளி கிடைக்கக்கூடிய நிரூபணம்.

பத்து நாளில் மாமி தொலைபேசியில் பேசினார். குரல் சிரித்தது. "வீடு அப்பிடியே கிடக்கெண்டு மனுசன் எழும்பி நடக்கிறார் பிள்ளை! இனி அங்கை வந்துதான் இருக்கப் போறாராம். ரிக்கெற் போட்டாச்சு. முன் அறையைக் கூட்டி வைக்கட்டாம், அப்பாவிட்டைச் சொல்லு."

முன் அறையில் ஒரு வேம்பு நின்றது.

அப்பா பல தடவை தொலைபேசியைக் கையில் எடுத்தார்; எடுத்து எடுத்து வைத்தார். அவருக்குப் பதிலாக நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மூன்று கிழமையில் மாமா வந்துவிட்டார். தனியாகத்தான் வந்தார், மாமிக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லை. வாடகைக்குப் பிடித்த வானிலிருந்து இறங்கி, வெள்ளை வேட்டியைச் சரிசெய்துகொண்டு, படலையடியில் வெகுநேரம் நின்றார்.

"அந்தோனி, கூரை எங்கை?"

"நாங்கள் திரும்பி வரேக்கையே இல்லை முதலாளி."

"படத்திலை இருந்துதே."

அப்பா என் பக்கம் திரும்பவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்க அவர் விரும்பவில்லை.

"கூரை வாற மாதிரி நான் எடுக்கேல்லை மாமா," என்றேன்.

மாமா என் கையிலிருந்த கமராவைப் பார்த்தார். "நல்ல கமராதான் பிள்ளை. கூரையில்லாத வீட்டுக்குக் கூரை போட்டிருக்கு."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அம்மா கதிரை கொண்டுவந்து போட்டார், அவர் இருக்கவில்லை. அறை அறையாக நடந்தார். முன் அறை வேம்பைச் சுற்றிக்கொண்டு, விருந்தாளி வீட்டில் தளபாடத்தில் இடிபடாமல் போகிறவரைப்போல, வெளியே வந்தார். வாசற்படிக்கு இடப்பக்கமாக நின்று, "இப்ப ஒண்டு எடும். முழுசாய் எடும். ஒண்டையும் விடாதையும்," என்றார்.

பின்வாங்கினேன். முற்றம், படலை, ஒழுங்கை, அதற்கும் அப்பால் எதிர் வளவின் மட்டைவேலி முதுகில் குத்தும்வரை. அப்போதுதான் வீடு முழுவதும் அடங்கியது. திரை தெரியாத வெயிலில் ஊகித்துக்கொண்டு அமத்தினேன்.

"கிட்டப் போய் முகத்தையும் ஒண்டு எடு பிள்ளை," என்றார் அப்பா மெதுவாக.

"பற்றறி முடிஞ்சுது," என்றேன்.

முடியவில்லை. எரிந்துகொண்டிருந்த பச்சை விளக்கை உள்ளங்கையால் மறைத்திருந்தேன். அந்த முகத்துக்கு முன்னால் ஒரு முழத் தூரத்தில் நிற்க என்னால் முடியவில்லை.

அன்று மாலையே மாமா யாழ்ப்பாணத்துக்குப் போனார். அந்தக் கிழமையே கனடாவுக்கு. அடுத்த வருடம் சண்டை மறுபடி தொடங்கி, தெற்கிலிருந்து வரும் தரைப்பாதை பூட்டப்பட்டது. அதற்கடுத்த வருடம் மாமா இறந்துபோனார். மாமி அழாமல் பேசினார்: "பிள்ளை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு நினைவு மலர் அடிக்கிறம். வீட்டடியிலை நீ அவரை ஒரு படம் எடுத்தனீயெல்லே? அதைத்தான் போடவேணுமெண்டு பிள்ளையள் நிக்கிதுகள்."

அனுப்புமுன் கடைக் கணினியில் பெருப்பித்துப் பார்த்தேன். வேட்டி மூன்று வெள்ளைச் சதுரம். முகம் ஒரே ஒரு சதுரம், மண்ணிறம்.

நினைவு மலர் மாதங்கள் கழித்துக் கப்பல் தபாலில் வந்தது. நடுப்பக்கம் முழுவதும் கூரையற்ற வீடு. வாசலருகே சிவப்பில் சிறு வட்டமொன்று அச்சிடப்பட்டிருந்தது. கிடைத்ததா என்று கேட்க மாமி மறுபடி பேசினார். "வட்டம் போடாட்டி ஆளைத் தெரியாதெண்டு போட்டது. பிள்ளை, ஒண்டு கேக்கட்டே? அதிலை அவர் சிரிச்சுக்கொண்டே நிண்டவர்?"

ஓம் என்று சொல்வது மிக எளிது. மாமியும் அதைத்தான் எதிர்பார்த்தார்.

"நான் முகத்தைப் பாக்கேல்லை மாமி," என்றேன்.

"சரி பிள்ளை, நீ படி," என்று மாமி தொலைபேசியை வைத்துவிட்டார். அதன்பின் அவர் எங்களோடு பேசவில்லை.

இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது மாமாவின் வளவில் சுவர்களும் இல்லை. கல்லையெல்லாம் எங்கோ ஏற்றிப் போயிருந்தார்கள். நினைவு மலரின் நடுப்பக்கத்தை விரித்துக்கொண்டு, மாமா நின்ற இடத்தைத் தேடினேன். வாசற்படிக்கு இடப்பக்கம், கிணற்றிலிருந்து ஏறக்குறைய இருபது அடி. வாசற்படி இல்லை. கிணற்றையும் தூர்த்து மண் போட்டிருந்தார்கள். எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்று தெரியவில்லை. அப்பா ஒழுங்கையில் நின்று, "அங்காலை பிள்ளை, இன்னும் கொஞ்சம் அங்காலை," என்று கை காட்டிக்கொண்டிருந்தார். அவருக்கும் சரியாகத் தெரியாது.