அமெரிக்காவிலிருந்து எழுப்பும் மணிக்கூடு

பார்க்டேல் அடுக்குமாடியில் எனக்குப் பக்கத்து வீட்டு அன்ரி அவர். அறுபதை நெருங்கிய, குள்ளமான, ஓரிடத்தில் நிற்காத பெண். எது சரியாக வேலை செய்தாலும் கை தட்டுவார். லிஃப்ட் வந்து கதவு திறந்தால்கூட ஒரு தட்டு.

ஒரு ஞாயிறு மாலை, புது அலாரம் மணிக்கூட்டோடு என் வீட்டுக்கு வந்தார். வானொலி அலையில் வரும் நேரத்தைப் பிடித்துத் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் மணிக்கூடு அது. அவர் வீட்டில் அலை கிடைக்கவில்லையாம். மறுநாள் விடியற்காலையில் பள்ளிக்கூட பஸ் ஓட்டும் வேலைக்கு அவர் முதன்முதலாகப் போக வேண்டும்.

"உங்கட யன்னல் மேற்குப் பக்கம்தானே, தம்பி? சிக்னல் எல்லைக்கு அங்கால, அமெரிக்காவிலையிருந்து வருதாம்."

மணிக்கூட்டை ஏந்திக்கொண்டு யன்னல் யன்னலாக இருவரும் நடந்தோம்.

"போனிலை அலாரம் வைக்கலாமே, அன்ரி?"

"போன் அடிச்சா அமத்திப்போட்டுப் படுத்திடுவன். உது அவ்வளவு தூரத்திலையிருந்து கூப்பிடுது. மரியாதைக்காவது எழும்பத்தானே வேணும்!"

கடைசியில் சமையலறை யன்னலில், மிளகாய்த்தூள் டப்பாவின் மேல் வைத்தபோது முட்கள் விர்ரென்று சுழன்று சரியான நேரத்தில் நின்றன. அவர் கை தட்டிக் குதித்தார். நானும் குதித்தேன். கீழ்வீட்டுக்காரர் தன் வீட்டுக் கூரையைத் தடியால் இடித்தார். அதற்கும் சிரித்தோம். நேரம் பிடித்த மணிக்கூட்டை அவர் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார்.

திங்கள் காலை சுவருக்கு அப்பால் அலாரம் அடித்தது. எழும்புவாரா என்று சுவரில் காதை வைத்தேன்.

"ஓம், ஓம், எழும்பிட்டன்! மெத்தப் பெரிய உபகாரம்!" என்று மணிக்கூட்டிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நேரம் அனுப்புகிறவர்களுக்கு இப்படி வேறு யாராவது நன்றி சொல்லியிருப்பார்களா, தெரியவில்லை. எனக்குத் தூக்கம் போய்விட்டது. சிரிப்பு மட்டும் இன்னும் போகவில்லை.