மாமாவின் புது அடி

எங்கள் மாமாவுக்குத் தொழில் சைக்கிள் திருத்துவது, உத்தியோகம் பொல்லடி. இதைச் சொன்னது நானில்லை, மாமி. உம்மாவின் மூத்த சகோதரரான அவர்தான் கல்முனைக்குடியில் எங்கள் பொல்லடிக் குழுவைப் பழக்கி ஆட்டுவிக்கும் அண்ணாவியார். பன்னிரண்டு பேர் வட்டமாக நின்று, பொல்லு என்கிற குறுந்தடியைக் கைக்கொன்றாகப் பிடித்து, பாட்டின் தாளத்துக்குத் தட்டித் தட்டிச் சுற்றிவரும் ஆட்டத்தில் அவர் வைத்ததுதான் சட்டம்.

“பாட்டக் கேட்டு அடிக்காதிங்க, என்ட கையப் பாத்து அடிங்க. வாய் பிழைக்கும், அண்ணாவிட கை பிழைக்காது” என்பார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அந்தக் கைதான் பிழைக்கத் தொடங்கியது. கடையில் சின்னச் சின்ன நட்டுகள் அவர் விரலிலிருந்து நழுவி மண்ணில் விழுந்தன. கிறீஸ் வழுக்குகிறது என்றார். சேர்ட்டின் பொத்தான்களை ஓட்டை மாற்றிப் பூட்டிக்கொண்டு ஜும்ஆத் தொழுகைக்குப் புறப்பட்டார். தையற்காரன் ஓட்டைகளைச் சரியாக வெட்டவில்லை என்றார். “ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம்” என்று மாமி சொல்ல, நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவரும் எங்களோடு சேர்ந்து சிரித்தார்.

ஆனால் குழுவில் இருந்த இளந்தாரிகள் சிரிக்கவில்லை. பெருநாளின் மறுநாள் நடக்கும் போட்டியில் பக்கத்து ஊர்க்காரர்களிடம் தொடர்ந்து தோற்று, வெள்ளிக் கோப்பையைப் பறிகொடுத்திருந்தோம். “இந்த முறையும் தோத்தா நீங்க இருந்து பாருங்க மாமா, நாங்க வேற அண்ணாவியப் போடுறம்” என்று மரியாதையாகவே சொல்லிவிட்டார்கள். அன்று மாமா எங்கள் வீட்டுக்கு வந்து, உம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் ஆறவைத்துவிட்டுப் போனார்.

அதோடு இன்னொரு இடி. மாமாவுக்கு எதிரே நின்று ஆடும் சோடிக்காரர் லொறி ஓட்ட சவூதிக்குப் போய்விட்டார். அந்தக் காலத்தில் யாரைத் தேடினாலும் சவூதியில்தான் இருந்தார்கள். மாமா ஆடுவதைப் பார்த்துப் பார்த்தே எல்லா அடியையும் பழகி வைத்திருந்த என்னைப் பிடித்து அந்த இடத்தில் நிறுத்தினார்கள். எனக்குப் பதினொரு வயது. அண்ணாவியாரின் நேரெதிர்ச் சோடி! அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தில் யாருடனும் கீழிறங்கிக் கதைப்பதை நிறுத்திக்கொண்டேன்.

போட்டி அன்று பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் கடற்கரைப் பக்கத்து மைதானத்தில் சனம் நிறைந்துவிட்டது. பக்கத்து ஊர்க்காரர்கள் முதலில் ஆடினார்கள். பொல்லாத ஆட்டம். ஒரு தட்டுக்கூடப் பிசகவில்லை. எங்கள் இளந்தாரிகளின் முகம் தொங்கிவிட்டது.

நாங்கள் இறங்கினோம். மெதுவான பாட்டுகள் இரண்டும் பழுதில்லாமல் போயின. மூன்றாவது வேகப் பாட்டு. அதில் ஓரிடத்தில் வலது கை எதிராளியின் பொல்லைத் தட்டும்போதே இடது கை பக்கத்தில் நிற்பவருடையதைத் தட்ட வேண்டும். ஒரு கை ஒரு வேலை, மறு கை வேறு வேலை. அந்த இடத்தில் மாமாவின் இரண்டு கைகளும் அப்படியே அந்தரத்தில் நின்றுவிட்டன. ஒரு தட்டு வெறுமையாகப் போனது. பிறகு தன் பொல்லுகளையே டக் டக் என்று இரண்டு முறை தட்டிவிட்டு ஆட்டத்துக்குத் திரும்பினார்.

நான் சட்டப்படி நடக்கிற ஆள். அவர் கை நின்றதும் என் கையும் நின்றது. அவர் டக் டக் என்றதும் நானும் டக் டக். என்னைப் பார்த்து என் பக்கத்து ஆள், அவரைப் பார்த்து அடுத்தவர் என்று அந்த இடைவெளி வட்டத்தைச் சுற்றி ஓடியது. அடுத்த சுற்றில் அதே இடத்தில் மாமாவின் கை மறுபடியும் நின்றது. இம்முறை எல்லோரும் காத்திருந்தார்கள். பன்னிரண்டு சோடிப் பொல்லும் ஒன்றாக நின்று, ஒரு மூச்சு விட்டு, ஒன்றாக டக் டக்!

மைதானத்தில் எழுந்தது பாருங்கள் ஒரு சத்தம், கடலே கேட்கவில்லை. மூன்றாம் சுற்றில் சனமே எங்களோடு சேர்ந்து கைதட்டியது. பக்கத்து ஊர் அண்ணாவியார் கதிரையை விட்டு எழுந்து எட்டிப் பார்த்தார்.

கோப்பை எங்களுக்கு. மாமாவை விட்டுவிடப் பார்த்த அதே இளந்தாரிகள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு பிரதான வீதியால் வந்தார்கள். என்னையும் ஒருவர் தூக்கினார். “இந்தப் புது அடிய எங்க படிச்சிங்க காக்கா?” என்று பக்கத்து ஊர் அண்ணாவியார், சொந்தத் தமையனிடம் கேட்பதுபோல், மாமாவின் கையைப் பிடித்துக் கேட்டார். மாமா தன் கைகளை மாறி மாறிப் பார்த்துவிட்டு, “அது... அப்பிடித்தான்” என்றார். வித்தைக்காரன் வித்தையை விற்பானா என்று எல்லோரும் தலையாட்டினார்கள். சாகும் வரைக்கும் அவரே எங்கள் ஊர் அண்ணாவி என்று அங்கேயே முடிவாகிவிட்டது. அந்தச் சந்தோசத்தை இன்று நினைத்தாலும் என் நெஞ்சு நிமிர்கிறது.

மறுநாள் விடிந்ததும் மாமா பொல்லுகளோடு எங்கள் வீட்டு முற்றத்துக்கு வந்து, படலையைச் சாத்தினார்.

“மருமகன், நேத்து நாம அடிச்ச அந்த அடிய ஒருக்கா அடிச்சிக் காட்டு பாப்பம்.”

அடித்துக் காட்டினேன். கண் இமைக்காமல் பார்த்துவிட்டு அவரும் முயன்றார். வரவில்லை. “இன்னொருக்கா” என்றார். வெயில் ஏறும் வரை காட்டினேன்.

அதற்கு அடுத்த நாளும் வந்தார். “மருமகன், நேத்து நாம அடிச்ச அந்த அடிய ஒருக்கா...” என்று, முந்திய நாள் வந்து பழகியதே நடக்காததுபோல் முதன்முறையாகக் கேட்டார். ஊருக்கே அண்ணாவியாக இருப்பவருக்கு இப்போது நான் அண்ணாவி! எனக்குத் தலைகால் புரியவில்லை. குசினி வாசலில் உம்மா அகப்பையோடு நின்று மாமா கேட்டதைக் கேட்டுக்கொண்டிருந்தார். உம்மாவின் கண்கள் நிறைந்து வழிந்தன. பிள்ளை பழக்குவதைப் பார்த்த பெருமைதான் என்று நினைத்து, இன்னும் ஓங்கி அடித்தேன்.