ஓரத்தில் ஒரு பெயர்

தாஸ் அண்ணை காலமான செய்தி வந்தபோது நான் ஹம்பேர்க்கில் ஓர் அரச அலுவலகத்தின் காத்திருப்பு அறையில் இருந்தேன். மொழிபெயர்ப்பாளனான என் வாழ்நாளின் பெரும்பகுதி அப்படியான அறைகளில்தான் கழிந்திருக்கிறது. அவருடைய மகள் நிர்மலா தொலைபேசியில், "மாமா, அப்பா விடியப் போயிட்டார். நித்திரையிலைதான்" என்றாள். பிறகு, "நீங்கள் தெர்மினிலை நிக்கிறீங்களோ? முடிச்சிட்டே வாங்கோ. அப்பாவும் அப்பிடித்தான் சொல்லியிருப்பார்" என்றாள். உண்மைதான். தெர்மின் என்று இங்கே சொல்கிற, அலுவலகம் குறித்துத் தந்த நேரத்தைத் தவறவிட்டவர்களைப் பற்றி அண்ணை நல்லதாக எதுவும் சொன்னதில்லை.

மரியதாஸ் என்ற அவருடைய முழுப்பெயர் உங்களில் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். நம் கத்தோலிக்கக் கோவிலில் பாடுகிறவர்களுக்கு அவர் பின்வரிசைக் கட்டைக்குரல். உங்கள் பிள்ளைகளுக்கு நூதனசாலை மாமா. நூதனசாலை என்கிற அருங்காட்சியகத்தில் அவருக்குக் காவல் வேலை. நீல மேலங்கியோடு மூலையில் நின்று, யாரும் தொட விரும்பாத பொருட்களைத் தொடவேண்டாம் என்று சொல்லவேண்டும். அதை அவர் ஒரு நாட்டின் எல்லையைக் காப்பவரைப் போலச் செய்தார்.

யூரோ நாணயம் புழக்கத்துக்கு வந்த வருடம் அங்கே ஒரு கண்காட்சிக்காக வேல்ஸ் நாட்டிலிருந்து ஒரு கல் வந்தது. சரியாகச் சொன்னால், கல் வரவில்லை. சுண்ணச் சாந்தில் வார்த்த அதன் பிரதி வந்தது. ஆயிரத்து ஐந்நூறு வருடங்களுக்கு முந்திய ஏதோ ஒரு சிற்றரசனின் நினைவுக்கல் அது. முன்பக்கத்தில் லத்தீன். ஓரத்தில், விளிம்பை ஒட்டி, கத்தியால் கீறியதுபோல் நிறையக் கோடுகள். "வந்து பாரும்" என்று அண்ணை என்னை இரண்டு முறை கூப்பிட்டார். மூன்றாம் முறை நுழைவுச்சீட்டை அனுப்பிவைத்தார்.

"இந்தக் கீறலெல்லாம் எழுத்து, தம்பி. ஓகம் எண்டு சொல்லுறவை. கீழையிருந்து மேலை வாசிக்கவேணும்."

"என்ன எழுதியிருக்கு?"

"முன்னுக்கு லத்தீனிலை அவரின்ரை பேர், பதவி எல்லாம் இருக்கு. காவலர் எண்டு போட்டிருக்கு. இவரும் என்னைப் போலைதான்" என்று மேலங்கியைத் தட்டிக் காட்டினார். "ஓரத்திலை பேர் மட்டும். அயர்லாந்திலையிருந்து கடல் கடந்து வந்த சனத்தின்ரை எழுத்து அது. அவையளுக்கும் வாசிக்கவேணுமெல்லே? ஆரிட்டை அன்ராக் குடுத்திச்சினமோ தெரியாது."

அன்ராக், அதாவது விண்ணப்பம், கொடுக்காமல் ஒன்றைச் செய்யலாம் என்ற எண்ணமே அவருக்கு அன்று பெரிய கண்டுபிடிப்பாக இருந்தது.

இப்போது ஒரு பிழையைப் பற்றிச் சொல்லவேண்டும். அது என்னுடையது. அண்ணைக்கு அது எப்போதும் தெரியும்; உங்களுக்குத்தான் தெரியாது. அண்ணையும் அவருடைய மனைவி திரேசம்மா அக்காவும் இந்த நாட்டுக்கு வந்து பதிந்தபோது பக்கத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன் நான். அக்காவின் பத்திரத்தில் மூன்று பெயர்கள் இருந்தன: தகப்பனின் பெயர் பிலிப்பையா, பிறகு தன் பெயர், பிறகு கணவனின் பெயர். படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. அலுவலர் முதலாவது பெயரையும் கடைசிப் பெயரையும் எடுத்துக்கொண்டு, "சரிதானே?" என்று என்னைக் கேட்டார். பின்னால் நீண்ட வரிசை நின்றது. பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று எண்ணி, சரி என்றேன். அப்படி இரண்டு ஆண்களின் பெயர்களைச் சேர்த்து ஒரு பெண்ணைச் செய்தோம். பதினெட்டு வருடம் அக்கா எல்லா அட்டைகளிலும் பிலிப்பையா மரியதாஸ் என்றே வாழ்ந்தார். "பெட்டியிலை கிடக்கிற கடுதாசிதானே, தம்பி, விடும்" என்று அவரே எனக்கு ஆறுதல் சொல்வார்.

அக்கா நோயில் விழுந்த கடைசிக் கிழமைகளில், ஆஸ்பத்திரியில் ஒரு நல்ல தாதி இருந்தாள். குடும்பப்பெயரால் அழைப்பது வறட்சியாக இருக்கிறது என்று எண்ணி, ஒருநாள் அட்டையைப் பார்த்துப் பிரியமாக முதற்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். "பிலிப்பையா." அக்கா கண்ணைத் திறந்து, கதவில் தகப்பனைத் தேடி, "அப்பு வந்திட்டாரோ?" என்று கேட்டார். தாதியின் அன்பில் குறை ஒன்றுமில்லை. கட்டிலருகே நின்ற அண்ணை என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

அக்காவை அடக்கம் செய்து சில மாதங்களுக்குப் பிறகு, கல்லறைக் கல்லுக்கு அனுமதி கேட்டு, அவர் துயிலும் சேமக்காலையின் அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த அம்மையார் விதிகளை நன்றாக அறிந்தவர். முன்பக்கத்தில் இறப்புப் பத்திரத்தில் உள்ள பெயர்தான் வரலாம் என்றார். அந்தப் பெயர் பிழை என்று சொன்னோம். அப்படியானால் திருத்த விண்ணப்பிக்கலாம், ஆனால் சம்பந்தப்பட்டவரே நேரில் வரவேண்டும் என்றார்.

"அவ உங்கடை காணியிலைதான் இருக்கிறா. நீங்கள் போய்க் கேக்கலாம்" என்றார் அண்ணை.

வழக்கமாக நான் இப்படியான வாக்கியங்களை மெலிதாக்கித்தான் மொழிபெயர்ப்பேன். அன்று அப்படியே சொன்னேன். அம்மையார் பேனையைக் கீழே வைத்தார்.

அண்ணை பையிலிருந்து வேல்ஸ் கல்லின் படத்தையும், தான் கோடிட்ட தாளில் வரைந்த எங்கள் கல்லின் படத்தையும் எடுத்து மேசையில் வைத்தார். முன்பக்கத்தில் இறப்புப் பத்திரத்தில் உள்ளபடி எல்லாம். வலது ஓரத்தில், கீழிருந்து மேலாக, தமிழில் திரேசம்மா. அம்மையார் ஓரத்தைத் தொட்டு, "இது என்ன? எழுத்தா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் நீதிமன்றத்தில் சத்தியம் செய்துகொண்ட மொழிபெயர்ப்பாளன். எழுத்து என்று ஒப்புக்கொண்டால், அது பத்திரத்தில் இல்லாத பெயர் ஆகிவிடும். கல்லுக்கு அனுமதி இல்லை. எழுத்து இல்லை என்று சொல்ல எனக்கு விருப்பமாக இருந்தது.

"பொய் சொல்லாதையும்" என்றார் அண்ணை, தமிழில், மெதுவாக. "முந்தியும் உம்மடை வாயாலைதான் அந்தப் பேர் போனது. இண்டைக்கு உம்மடை வாயாலையே வரட்டும்."

எழுத்துத்தான், இறந்தவரின் சொந்தப் பெயர் என்றேன். படிவத்தில் அது விடுபட்டபோது சரி என்று சொன்னவன் நான் என்றும் சொன்னேன்.

அம்மையார் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். படத்தைப் பார்த்தார். மறுபடியும் புரட்டினார். கடைசியில், எழுத்துக்கான விதி முன்பக்கத்தைப் பற்றித்தான் பேசுகிறது, ஓரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, ஆகவே ஓரத்தில் வருவது அலங்காரம் என்றார். அலங்காரத்துக்கும் ஒரு படிவம் இருந்தது. அதில் எந்த வகை என்று குறிக்கவேண்டும்: வடிவியல், விலங்கு, படர்கொடி. தமிழ் எழுத்துகளின் வளைவுகளைக் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு, கொடி என்று குறித்தார். தெரிந்துதான் செய்தார் என்று அவருடைய முகம் சொல்லவில்லை. ஆனால் எங்களை வாசல்வரை கொண்டுவந்து விட்டார். அது எந்த விதியிலும் இருந்திருக்காது.

கல் வெட்டுகிறவருக்காக எழுத்துகளை அண்ணையே பெரிதாக வரைந்து கொடுத்தார். மேலிருந்து கீழாக எழுதினால் வாசிக்க வசதி என்றேன். "குனிஞ்சு தொடங்கட்டும், தம்பி. நிமிந்து நிண்டு வாசிக்கிறவைக்கு முன்பக்கம் இருக்கு" என்றார். கல் நட்ட அன்று அவரே முழந்தாளிட்டு, ஒவ்வோர் எழுத்தாக விரலை வைத்து மேலே ஏறினார். தொடவேண்டாம் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

இப்போது அண்ணையும் அதே கல்லின் கீழே. அடக்கத்துக்கு மறுநாள் நிர்மலா சொன்னாள்: "அப்பாவின்ரை பேரை மற்ற ஓரத்திலை தமிழிலை போடுவமோ எண்டு முந்தி அவரிட்டைக் கேட்டனான், மாமா. வேண்டாம் எண்டிட்டார். 'என்ரை பேர் ஒரு இடத்திலையும் தொலையேல்லைப் பிள்ளை' எண்டார்." ஆகவே அவருடைய பெயர் முன்பக்கத்தில் மட்டும், படிவத்தில் உள்ளபடி, பிழையில்லாமல் வரும்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு கேள்வி. அலுவலகங்களில் எனக்குப் பக்கத்தில் வந்து அமரும் பெண்களிடம், கடுதாசியை வாங்குமுன், "உங்கடை சொந்தப் பேர் என்ன?" என்று கேட்கிறேன். சிலர் சிரிப்பார்கள். சிலர் கணவனைப் பார்ப்பார்கள். அலுவலர் மணிக்கூட்டைப் பார்ப்பார். அந்தப் பெண் வாய் திறந்து சொல்லும்வரை நான் ஒரு வார்த்தையும் மொழிபெயர்ப்பதில்லை.