காரணம் என்ற கட்டம்

சட்டையைக் கையில் வாங்கியதும் முதலில் அக்குள் பக்கத்தை முகர்ந்து பார்ப்பாள். பிறகு காலர், பிறகு கைமடிப்பு. எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்ப்பது அதற்கப்புறம்தான்.

"போட்டே பாக்கலீங்க," என்பார் அவர்.

"அப்போ சட்டையே தனியா போய் கேக் சாப்பிட்டுச்சா?"

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கி ஒரு வாரம், அந்தத் துணிக்கடையில் பரிசுகளை மாற்றித் தரும் கவுண்டர் வரிசை மாடிப்படி வரை இறங்கி நிற்கும். கொடுத்தவரிடம் 'ரொம்பப் பிடிச்சிருக்கு' என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்ன அதே ஆட்கள்தான். படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. சொல்லி வைத்தாற்போல எல்லோரும் 'அளவு சரியில்லை' என்பார்கள். ஒன்பது வருடமாக அந்தக் கவுண்டரில் இருக்கும் அவள் அதை அளக்காமல் எழுதியதில்லை. கழுத்தில் தொங்கும் டேப்பை எடுத்து அளப்பாள். சரியாக இருந்தால் 'பிடிக்கவில்லை' என்று கொட்டை எழுத்தில் எழுதுவாள்.

"பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லுங்களேன். இதுல என்ன குடியா முழுகிப்போச்சு?"

கைக்குட்டைப் பெட்டியோடு வந்த ஒருவரிடம், "கைக்குட்டைக்கு எந்த ஊர்ல சார் அளவு பாக்குறாங்க?" என்று கேட்டாள். வரிசையே சிரித்தது, அவரைத் தவிர. கடையில் அவளுக்கு 'நீதிபதி' என்று பட்டப்பெயர். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்த வாயால் பட்டதும் உண்டு. அக்கா புது வீட்டைச் சுற்றிக்காட்டி, "எப்படிடி இருக்கு?" என்று கேட்டபோது, சம்பந்திகளை வைத்துக்கொண்டே, "எல்லாம் சரிக்கா, வெளிச்சந்தான் வரல," என்றாள். இரண்டு வருடம் பேச்சுவார்த்தை இல்லை. கூடப் பிறந்தவள் ஒருத்திதான். அந்த இரண்டு வருடமும் அவள் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தாள். இந்தக் கிறிஸ்துமஸுக்கு மனம் கேட்காமல் ஒரு நீலச் சால்வையைத் தன் கடையிலேயே தேடி எடுத்து அனுப்பினாள். அன்று மாலையே போன் வந்தது. "கழட்டவே மனசு வரலைடி." இந்த ஒரு வரியை அவள் கடையில் சொல்லாத ஆள் பாக்கியில்லை.

எப்போதும் மதியம்தான் அவளுக்கு வேலை. நேற்று காலை ஷிப்டுக்காரிக்குக் காய்ச்சல் என்று இவளை வரச் சொல்லிவிட்டார்கள். வரிசையில் பதினோராவது ஆள் அக்கா. தங்கையைக் கண்டதும் அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அதற்குள் பை மேஜைமேல் ஏறிவிட்டிருந்தது.

"இது பக்கத்து வீட்டம்மா குடுத்ததுடி. நீ குடுத்தது வீட்டுல பத்திரமா இருக்கு."

அவள் பழக்கதோஷத்தில் பையிலிருந்த நீலச் சால்வையை எடுத்து முகர்ந்தாள். புதுத்துணி வாசனை மட்டுமே வந்தது. மடிப்புக்குள் குத்திய ஊசி குத்தியபடி இருந்தது. ஊசியில் ஒரு சீட்டு, 'அக்காவுக்கு' என்று அவளுடைய கையெழுத்தில். கட்டைவிரலால் அதை மறைத்துக் கழற்றி இழுப்பறைக்குள் தள்ளினாள்.

"என்ன காரணம்னு போடுவ?" அக்கா கேட்டாள்.

அவள் கழுத்து டேப்பை எடுத்தாள். சால்வையை விரித்து, நீளத்தில் ஒருமுறை, அகலத்தில் ஒருமுறை நிதானமாக அளந்தாள். பிறகு கட்டத்தில், 'அளவு சரியில்லை' என்று எழுதினாள்.